ஏழாண்டு முழங்கிய இடி

"பெட்டை நாய்!"

ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலே பெண்ணை இழிவுபடுத்த ஆண்கள் எடுத்து வீசும் கல் இந்தச் சொல். குடித்தவன் வீசுகிறான், குடிக்காதவனும் வீசுகிறான். எதிர்த்துப் பேசிய மனைவிமீது கணவன் வீசுகிறான். கூலி உயர்வு கேட்ட பணிப்பெண்மீது முதலாளி வீசுகிறான். தன்னை ஏறெடுத்தும் பாராத மங்கைமீது தெருமுனைக் காளை வீசுகிறான். அந்தக் கல்லடி பட்டு அழுத பெண்கள் ஆயிரம். அஞ்சி ஒதுங்கியவர் பல்லாயிரம். ஆனால், வீசப்பட்ட கல்லைக் குனிந்து எடுத்து, தூசு துடைத்து, தங்கள் வீட்டு வாயிலில் பெயர்ப்பலகையாகவே பதித்துக்கொண்ட பெண்கள் உண்டா?

உண்டு, தோழர்களே, உண்டு! அமெரிக்க நாட்டின் வடமேற்கு மூலையிலே, மழையும் மூடுபனியும் ஆட்சி செய்யும் சியாட்டில் என்னும் துறைமுக நகரில், 1990-ஆம் ஆண்டு நான்கு பெண்கள் கூடி ஓர் இசைக்குழு அமைத்தார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் "செவன் இயர் பிட்ச்". மர்லின் மன்றோ நடித்து 1955-ல் வெளிவந்த "தி செவன் இயர் இட்ச்" என்ற படத்தின் பெயரிலே ஓர் எழுத்தைக் கூட்டி, கேலியைக் கேடயமாக்கி, வசைச்சொல்லையே தங்கள் வாள் ஆக்கிக்கொண்டனர். பெயரிலே ஏழாண்டு, வாழ்ந்ததும் ஏழே ஆண்டு! 1997-ல் குழு கலைந்தது. ஏழாண்டிலே மூன்று இசைத்தட்டுகள், இரண்டு சாவுகள், ஒரு பெரும் அமைப்பு. இவ்வளவுதான் அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கை ஏன் நாம் புரட்டிப் பார்க்கவேண்டும் என்று கேட்போருக்கே இந்தக் கட்டுரை.

பாட்டாளியின் பட்டணம்

முதலிலே அந்த நகரைப் பார்ப்போம். சியாட்டில் சீமான்களின் சிங்காரப் பூங்காவாக மட்டும் இருந்ததில்லை. மரம் அறுத்தோர், கப்பல் கட்டியோர், மீன் பிடித்தோர், சுமை தூக்கியோர் ஆகியோரின் வியர்வையிலே எழுந்த நகர் அது. 1919 பிப்ரவரி 6-ஆம் நாள், கப்பல்கட்டும் தொழிலாளரின் கூலிப் போருக்குத் துணையாக, சுமார் 65,000 தொழிலாளர் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தினர். நகரமே மௌனமாயிற்று. ஆனால் பட்டினி கிடந்தாரா மக்கள்? இல்லை. தொழிலாளரே சமையற்கூடம் திறந்தனர். தொழிலாளரே குழந்தைகளுக்குப் பால் வழங்கினர். ஆயுதம் ஏந்தாமல் தொழிலாளரே தெருவிலே அமைதி காத்தனர். ஐந்து நாட்களில் வேலைநிறுத்தம் முடிந்தது. "தோல்வி" என்று எழுதினர் சில வரலாற்றாசிரியர்கள். "நமக்கு நாமே காவல், நமக்கு நாமே துணை" என்ற பாடம் மட்டும் தோற்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலே தேவைப்படும்.

பிறகு வந்தது போயிங் விமானத் தொழிற்சாலையின் காலம். ஊரே அந்த ஆலையை நம்பி உண்டது. 1960-களின் கடைசியில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அங்கே வேலை செய்தனர். 1971-க்குள் அந்த எண்ணிக்கை நாற்பதாயிரத்துக்கும் கீழே சரிந்தது. வேலை போயிற்று, வீடு போயிற்று, ஊரைவிட்டே ஓடினர் பலர். அந்த ஆண்டு சாலையோரத்தில் ஒரு விளம்பரப் பலகை நின்றது: சியாட்டிலை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்று! நகைச்சுவைக்காக இருவர் நட்ட பலகைதான். ஆனால் அந்த நகைப்புக்குப் பின்னே எத்தனை அடுப்பு அணைந்திருந்தது!

வேலை தேடி அலைந்தோரின் குழந்தைகள் வளர்ந்தார்கள். வாடகை மலிவு; மழை மிகுதி; வேலை கொஞ்சம். வீட்டின் கீழறைகளிலும் கார் நிறுத்தும் கொட்டகைகளிலும் பழைய கிட்டாரும் உடைந்த டிரம்முமாக அவர்கள் கூடினர். 1980-களின் நடுவிலே அங்கிருந்து புறப்பட்ட இசைக்கு வழங்கிய பெயர் "கிரஞ்ச்". அழுக்கு, பிசுக்கு என்று பொருள்! மெருகு ஏற்றாத குரல். மின்கிட்டாரின் ஓசையை வேண்டுமென்றே கரகரக்கச் செய்யும் முறை. ஒரு நொடி புகைந்து, மறு நொடி வெடிக்கும் போக்கு. சபை நடுவே சால்வை போர்த்திக்கொண்டு கேட்கும் இசையல்ல. இயந்திரத்தின் இரைச்சலிலே நாள் முழுதும் நின்றவன் காதுக்கு அது அந்நியமல்ல.

உடையோ? மரம் வெட்டும் தொழிலாளி அணியும் கட்டம் போட்ட தடித்த சட்டை. வேடத்துக்காக அல்ல, குளிருக்காகவும் மலிவுக்காகவும்! நிர்வாணா என்ற குழுவின் "நெவர்மைண்ட்" இசைத்தட்டு 1991 செப்டம்பரில் வெளிவந்து, 1992 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவ்வளவுதான்! வணிகர்களின் மூக்கு வியர்த்தது. பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ் என்று தேடித் தேடி வந்தனர். 1992 இறுதியில் நியூயார்க் நகரத்து ஆடை அலங்கார மேடையில் அந்தக் கட்டம் போட்ட சட்டையின் சாயலைப் பட்டிலே நெய்து காட்டினர்! உழைப்பவன் உடுத்தினால் கந்தல். உல்லாசி உடுத்தினால் கலை! இது எந்த நாட்டிலும் நடக்கும் விந்தைதான்.

ஆனால் பாருங்கள், புகழ் மழை பொழிந்தபோது நனைந்தவர்கள் பெரும்பாலும் யார்? ஆடவர். கிட்டார் ஏந்தியவர் ஆண், முழங்கியவர் ஆண், மேடைக்கு முன்னே முட்டி மோதி இடம் பிடித்தவரும் ஆண். பெண்ணுக்கு அங்கே என்ன இடம்? சுவரோரம் நிற்கலாம்; காதலனின் மேற்சட்டையைக் கையிலே பிடித்துக்கொண்டு காத்திருக்கலாம்! மரபை உடைத்தோம் என்று மார்தட்டிய இசையிலும் இந்த மரபு மட்டும் உடையாமல் இருந்தது.

நால்வர்

அந்தச் சுவரோரத்தை விட்டு மேடைமீது ஏறியவர்களிலே இந்த நால்வரும் உண்டு. பாடியவர் செலீன் விஜில். கிட்டார் ஸ்டெபனி சார்ஜென்ட். பேஸ் கிட்டார் எலிசபெத் டேவிஸ். டிரம்ஸ் வாலரி ஆக்னியூ. பாட்டும் அவர்களே, இசையும் அவர்களே, கோபமும் அவர்களுடையதே! பின்னாலிருந்து இயக்க ஓர் ஆண் இல்லை. முன்னாலே நின்று மயக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

அவர்களுக்குத் தோள் கொடுத்தது "தி கிட்ஸ்" என்ற மற்றொரு குழு. ஓகியோ மாநிலத்துக் கல்லூரி ஒன்றிலே 1986-ல் தோன்றி, 1989-ல் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்த குழு அது. அதன் பாடகி மியா ஸபாட்டா. கணீரென்ற குரல், ஏழை எளியோரின் துயரிசையான புளூஸின் சாயல் கலந்த குரல். கிட்ஸ் குழுவைப் பார்த்தே இந்தப் பெண்கள் ஊக்கம் பெற்றனர். தோழமை என்பது அதுதான்: தான் ஏறிய படியிலே நின்றுகொண்டு மற்றவருக்குக் கை நீட்டுவது.

1991-ல் சிறு இசைத்தட்டு வந்தது. 1992-ல் "சி-ஸீ ரெக்கார்ட்ஸ்" என்ற உள்ளூர் நிறுவனம் முதல் பெரிய தட்டை வெளியிட்டது. அதன் பெயர் "சிக் எம்". வேட்டை நாயை ஏவும்போது "பாய்ந்து பிடி" என்று சொல்வார்களே, அந்தப் பொருள்! "எங்களை நாய் என்கிறீர்களா? சரி, நாய் பாய்கிறது, பாருங்கள்!" என்பது போல் அமைந்தது அந்தப் பெயர். அதிலே ஒரு பாட்டு: "டெட் மென் டோன்ட் ரேப்". செத்த ஆண்கள் வன்புணர்ச்சி செய்வதில்லை என்று பொருள்.

"அப்பப்பா! பெண்கள் பாடும் பாட்டா இது? கொலைக்குத் தூண்டுகிறார்களே!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கண்ணியவான்களைக் கேட்கிறேன்: ஒரு பெண்ணைச் சீரழித்தவன் சந்தையிலே சிரித்துக்கொண்டு திரிகிறான்; சீரழிக்கப்பட்டவள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். "நீ ஏன் அந்த நேரத்தில் போனாய்? ஏன் அந்த உடை உடுத்தினாய்?" என்று கேட்பவர்கள் வழக்குமன்றத்திலும் இருக்கிறார்கள், வீட்டுக்குள்ளேயும் இருக்கிறார்கள். அப்போதெல்லாம் உங்கள் கண்ணியம் எங்கே போயிருந்தது? குற்றத்தைக் கண்டு கொதிக்காதவர்கள், கூக்குரலைக் கண்டு கொதிக்கிறார்கள்! தீயைக் கண்டு திடுக்கிடாமல், "தீ! தீ!" என்று கத்துபவனின் தொண்டையைக் குறை சொல்லும் நியாயம் இது!

ஆனாலும் தோழர்களே, ஒன்றைச் சொல்லவேண்டும். கூக்குரல் வேறு, செயல்திட்டம் வேறு. அந்தப் பாட்டு ஓர் அலறல். உண்மையான அலறல், தேவையான அலறல், ஆனால் அலறல் மட்டுமே. அந்த அலறல் எப்படி அமைப்பாக மாறிற்று என்பதிலேதான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது.

முதற் சாவு

முதல் இசைத்தட்டு கடைக்கு வருவதற்கு முன்பே இடி விழுந்தது. 1992 ஜூன் மாத இறுதியில் ஸ்டெபனி சார்ஜென்ட் இறந்தார். வயது 24. மதுவும், அதனோடு ஹெராயின் என்ற நஞ்சும் சேர்ந்தன. மயங்கிய நிலையில் மூச்சடைத்து மாண்டார்.

இதை மூடி மறைத்துப் புகழ்மாலை சூட்ட நான் வரவில்லை. அந்த நகரத்து இசைஞர்களை அந்த நஞ்சு கூட்டம் கூட்டமாக அரித்தது. 1990 மார்ச்சில் ஆண்ட்ரு உட், வயது 24. 1994 ஏப்ரலில் நிர்வாணாவின் கர்ட் கோபேன், வயது 27. துப்பாக்கியால் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டார், குருதியிலே ஹெராயின் இருந்தது. அதே ஆண்டு ஜூனில் ஹோல் என்ற குழுவின் பேஸ் கிட்டார் இசைஞர் கிரிஸ்டன் பாப், வயது 27. எத்தனை இளமை! எத்தனை ஆற்றல்! கலைஞனுக்குப் போதை வேண்டும் என்று கதை கட்டுகிறவன் யார்? போதையை விற்கிறவன்! கள்ளுக்கடைக்காரன் கவிதையின் நண்பன் ஆன வரலாறு எங்கும் இல்லை. துயரத்தை ஊசியால் தைத்து மூடலாம் என்று நினைத்தவர்களையே அந்த ஊசி மண்ணோடு மண்ணாகத் தைத்துவிட்டது.

எஞ்சிய மூவரும் என்ன செய்வது? கலைந்துவிடலாமா என்ற எண்ணம் எழுந்தது. கலையவில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் ரோஷீன் டன் என்ற பெண் கிட்டாரை ஏந்தி வந்து சேர்ந்தார். படையிலே ஒருவர் வீழ்ந்தால் கொடியை மற்றொருவர் தாங்குவது போலே!

இரண்டாம் சாவு

ஓராண்டு ஓடிற்று. 1993 ஜூலை 7. அதிகாலை.

சியாட்டில் நகரின் கேபிடல் ஹில் பகுதியில் நண்பர்களோடு பேசியிருந்துவிட்டு, இரவு இரண்டு மணி அளவில் தன்னந்தனியாக வீடு திரும்பப் புறப்பட்டார் மியா ஸபாட்டா. வீடு போய்ச் சேரவில்லை. இரண்டு மணி நேரம்கூடக் கழியவில்லை; தெருவோரத்தில் அவரது உடல் கிடந்தது. வன்கொடுமை செய்து, கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தான் ஒருவன். வயது 27. இரண்டாவது இசைத்தட்டுக்கான பாடல்களைப் பாதியிலே விட்டுவிட்டு அந்தக் குரல் அடங்கிற்று.

யார் செய்தது? தெரியவில்லை. நாள் ஓடிற்று, வாரம் ஓடிற்று, தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் கொலையைவிடக் கொடிய வேலையைச் செய்தது. நண்பன் நண்பனைச் சந்தேகித்தான். ஒரே மேடையில் பாடியவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தனர். பெண்கள் இருட்டைக் கண்டு நடுங்கினர். "இவனாக இருக்குமோ? அவனாக இருக்குமோ?" என்ற கேள்வி ஒவ்வொரு கதவின் பின்னாலும் நின்றது.

அப்போது கிளம்பிற்று அறிவுரை மழை! "பெண்கள் இரவிலே வெளியே போகக்கூடாது. தனியாக நடக்கக்கூடாது. நேரத்தோடு வீடு திரும்பவேண்டும்." நல்லெண்ணத்தோடு சொன்னவர்களும் இருந்தனர். ஆனால் இந்த அறிவுரையைக் கொஞ்சம் நிறுத்துப் பாருங்கள். குற்றம் செய்தவன் ஆண். ஊரடங்குச் சட்டம் பெண்ணுக்கு! ஓநாய் ஊருக்குள்ளே உலவுகிறது. கட்டிப்போட வேண்டியது ஆட்டை என்கிறார்கள்! இரவிலே வெளியே போகாமல் இருக்க யாரால் முடியும்? பஞ்சணையில் படுப்பவளால் முடியும். உணவு விடுதியில் பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு நள்ளிரவில்தான் வேலை முடிகிறது. மருத்துவமனையில் நோயாளியைத் துடைக்கும் பெண்ணுக்கு விடியற்காலையில்தான் மாற்றாள் வருகிறாள். மேடையிலே பாடும் பெண்ணுக்கு இரவுதான் பணிநேரம். "இரவிலே வராதே" என்றால் "பிழைக்காதே" என்றல்லவா பொருள்!

அமைப்பு பிறந்தது

சியாட்டில் பெண்கள் அந்த அறிவுரையை ஏற்கவில்லை. மியாவின் தோழியர் கூடினர். கலைஞர்கள், இசைஞர்கள், எழுத்தாளர்கள் வந்தனர். அவர்களிலே ஒருவர் நமது குழுவின் டிரம்ஸ் இசைஞர் வாலரி ஆக்னியூ. தற்காப்புக் கலை கற்கலாம் என்று விசாரித்தனர். பயிற்சிக் கூடங்கள் கேட்ட கட்டணமோ, கூலிக்கு வேலை செய்யும் பெண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. காசு இருந்தால் உயிர் காக்கலாம்; காசு இல்லையேல் கடவுள்விட்ட வழி! அவர்கள் சொன்னார்கள்: அப்படியானால் நாமே நடத்துவோம்.

அப்படி 1993-ல் பிறந்ததே "ஹோம் அலைவ்". உயிரோடு வீடு சேர் என்று பொருள். எத்தனை எளிய கோரிக்கை! மாளிகை கேட்கவில்லை, மகுடம் கேட்கவில்லை. உயிரோடு வீடு போய்ச் சேரவேண்டும் என்றார்கள். இதைக்கூட இயக்கம் வைத்துக் கேட்க வேண்டிய நிலையில் பெண் இருக்கிறாள் என்றால், நாகரிகம் என்று நாம் பீற்றிக்கொள்வதெல்லாம் எதை?

அந்த அமைப்பு என்ன செய்தது? வசதிக்கேற்ற கட்டணத்தில் வகுப்பு நடத்தியது. உள்ளவர் உள்ளதைக் கொடுத்தனர். இல்லாதவரை இல்லாமைக்காக விரட்டவில்லை. அடிப்பதும் தடுப்பதும் மட்டுமா கற்பித்தனர்? இல்லை. உரக்கக் கத்துவதும் தற்காப்பே. "வேண்டாம்" என்று உறுதியாகச் சொல்வதும் தற்காப்பே. ஒருவரோடு ஒருவர் துணையாக நடந்து வீடு சேர்ப்பதும் தற்காப்பே. தாக்கப்பட்டவள்மீது குற்றமில்லை என்று உணர்வதும் தற்காப்பே என்று கற்பித்தனர். இருட்டுச் சந்திலே பாயும் அந்நியன் ஒருபுறம் இருக்க, வீட்டுக்குள்ளேயே இருக்கும் கொடியவனிடமிருந்து எப்படித் தப்புவது என்றும் பேசினர். பெண்ணுக்கு நேரும் கொடுமைகளில் பெரும்பகுதி அறிந்தவன் கையாலேயே நேர்வது உலகறிந்த உண்மை அல்லவா!

1919-ல் தொழிலாளர் சமையற்கூடம் திறந்த அதே நகரம்! 74 ஆண்டுகளுக்குப் பிறகு பெண்கள் பயிற்சிக்கூடம் திறந்தனர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: மேலிருந்து உதவி வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும், கூடினால் வழி பிறக்கும்.

ஆண்களும் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நிர்வாணா, பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன் முதலிய புகழ்பெற்ற குழுக்களும் கைகொடுக்க, அந்த நகரத்து இசையுலகம் சுமார் 70,000 டாலர் திரட்டி, கொலைகாரனைத் தேடத் தனியார் துப்பறிவாளர் ஒருவரை அமர்த்தியது. ஜோன் ஜெட் என்ற மூத்த பாடகி கிட்ஸ் குழுவின் எஞ்சியவர்களோடு சேர்ந்து பாடி, 1995-ல் இசைத்தட்டு வெளியிட்டு, வந்த பணத்தை அந்தத் தேடலுக்கே தந்தார். 1996-ல் ஹோம் அலைவ் அமைப்புக்காக வெளிவந்த தொகுப்பிலே பெரிய குழுக்களோடு நமது பெண்களின் பாட்டும் இருந்தது.

ஸபாட்டா வாழ்க!

1994-ல் செவன் இயர் பிட்ச் குழுவின் இரண்டாவது இசைத்தட்டு வெளிவந்தது. பெயர்: "விவா ஸபாட்டா!" - ஸபாட்டா வாழ்க!

இந்தப் பெயரிலே இரட்டைப் பொருள் இருக்கிறது. எமிலியானோ ஸபாட்டா என்பவர் மெக்சிகோ நாட்டு உழவர் படைத் தலைவர். நிலப்பிரபுக்கள் விழுங்கிய நிலத்தை மீட்க உழவரைத் திரட்டிப் போர் புரிந்து, வஞ்சகத்தால் வரவழைக்கப்பட்டு, 1919 ஏப்ரல் 10-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டவர். "ஸபாட்டா வாழ்க" என்பது மண்ணுக்குப் போராடியோர் எழுப்பும் முழக்கம். அதே பெயர்கொண்ட தங்கள் தோழி, தெருவிலே கொல்லப்பட்ட பாடகி மியா, அந்த முழக்கத்துக்குள்ளே குடியேற்றப்பட்டார். "எங்கள் தோழியும் களத்திலே வீழ்ந்தவளே" என்று சொல்லாமல் சொன்னது அந்தப் பெயர்.

அந்தத் தட்டிலே மியாவுக்கு ஒரு பாட்டு உண்டு; ஸ்டெபனிக்கும் ஒரு பாட்டு உண்டு. தாலாட்டின் பெயரைத் தாங்கிய பாட்டு தோழி ஸ்டெபனிக்கு. சினத்தின் உச்சியில் எழுந்த பாட்டு தோழி மியாவுக்கு. ஒப்பாரி வைப்பதும் ஒரு கலைதான். ஆனால் இவர்கள் வைத்த ஒப்பாரியிலே மார்பிலே அடித்துக்கொண்ட கை, அடுத்த நொடி முட்டியாக மடங்கிற்று.

பெரிய வீட்டுக் கதவு

பிறகு? பெரிய நிறுவனம் கதவைத் தட்டிற்று. அட்லாண்டிக் என்ற பெரும் இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1995-ல் வெளிவந்த "மேட் லவ்" என்ற படத்திலே அவர்கள் தோன்றினர். 1996-ல் மூன்றாவது தட்டு, "காட்டோ நெக்ரோ", கறுப்புப் பூனை, வெளிவந்தது.

பணம் வந்ததே, புகழ் வந்ததே, இனி என்ன குறை என்போர் கேளுங்கள். 1996-க்குள் அலை திரும்பிவிட்டது. கிரஞ்ச் இசையை ஆலைபோல் பெருக்கி, போலிகளைப் பத்துப் பத்தாக உண்டாக்கி, கரும்பைப் பிழிந்து, சக்கையைத் தெருவிலே எறிந்துவிட்டு, அடுத்த தோட்டம் தேடிக் கிளம்பிவிட்டனர் வணிகர்கள். பெண்ணின் கோபத்தை விற்கத் தெரிந்தது அவர்களுக்கு; கேட்கத் தெரியவில்லை! எதிர்பார்த்த விற்பனை இல்லை. ஊர் ஊராகச் சுற்றியதில் களைப்பு. ரோஷீன் டன் விலகினார். குழுவின் ஒலியமைப்பைக் கவனித்துவந்த லிசா பே பீட்டி கிட்டாரை ஏந்தினார். உறுப்பினர் சியாட்டிலை விட்டுக் கலிபோர்னியாவின் வெவ்வேறு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1997-ல் குழு கலைந்தது. ஆரவாரம் இல்லை, அவதூறு இல்லை, அவரவர் வழியே நடந்தனர். 1996-ல் சியாட்டில் மேடையிலே அவர்கள் முழங்கியதன் பதிவு, இருபதாண்டு கழித்து 2016-ல் இசைத்தட்டாக வந்தது.

கொலைகாரன் என்ன ஆனான்? காவல்துறையினர் மியாவின் உடலிலிருந்து எடுத்த உமிழ்நீர்த் துளியைக் குளிரிலே பாதுகாத்து வைத்திருந்தனர். 1993-ல் அவ்வளவு சிறு துளியிலிருந்து ஆளைக் கண்டறிய வழியில்லை. அறிவியல் வளர்ந்தது, மரபணுச் சோதனை கூர்மை பெற்றது. பிளாரிடா மாநிலத்தில் வேறு குற்றத்துக்காகப் பிடிபட்ட ஒருவனின் மரபணு அந்தத் துளியோடு பொருந்திற்று. 2003 ஜனவரியில் கைது. 2004-ல் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத்தண்டனை. அந்தத் தண்டனை முடியாமலே 2021-ல் இறந்தான். அவன் பெயரை இங்கே எழுதி மையை வீணாக்க வேண்டாம். அவன் மியாவின் நண்பனல்ல, இசைஞனல்ல, யாரும் சந்தேகித்தவனும் அல்ல. பத்தாண்டு ஒருவரை ஒருவர் சந்தேகித்து வெந்தவர்களுக்கு, அந்தச் செய்தி ஆறுதலா, வேதனையா?

அந்தப் பத்தாண்டையும் பெண்கள் வீட்டுக்குள்ளே ஒளிந்து கழிக்கவில்லை என்பதுதான் முக்கியம். கொலைகாரன் பிடிபடும்வரை காத்திராமல் கற்றார்கள், கற்பித்தார்கள். ஹோம் அலைவ் 2010-ல் நிறுவனம் என்ற உருவத்தை இழந்தபோதும், தொண்டர்கள் வகுப்புகளைத் தொடர்ந்தனர்.

நமக்கென்ன?

"நமக்கென்ன இது? எங்கோ ஒரு நகரம், யாரோ நாலு பெண்கள், காது கிழியும் சத்தம்!" என்று கூறும் தோழர் இருக்கக்கூடும். அவருக்குச் சொல்கிறேன்.

நண்பரே! சங்கம் என்றால் என்ன என்று அறிந்தவர் நீங்கள். தனி ஒருவனாக முதலாளியின் முன்னே நின்றபோது நடுங்கிய கால்கள், ஆயிரம் பேரோடு நின்றபோது நடுங்கவில்லை என்பதைக் கண்டவர் நீங்கள். அந்தப் பெண்கள் கண்டதும் அதுவே. தனியாக நடந்த தோழி செத்தாள். கூடி நின்றவர்கள் அமைப்பானார்கள். இந்த உண்மை உங்களுக்குப் புரியவில்லையென்றால் வேறு யாருக்குப் புரியும்?

இன்னும் ஒன்று. அது சற்றுக் கசக்கும். கூலிக்காகக் கொதித்தெழும் நாக்கு, கோபம் வந்தால் வீட்டிலே என்ன சொல் சொல்கிறது? மேலாளர் "நாயே" என்றால் வேலையை நிறுத்துகிறோம். அதே சொல்லை அடுப்படியிலே நாம் வீசினால், அங்கே வேலைநிறுத்தம் செய்ய எந்தச் சங்கம் இருக்கிறது? ஆலை வாயிலிலே மனிதன், வீட்டு வாயிலிலே முதலாளி என்று இரட்டை வேடம் போடுபவன் தோழன் ஆகமாட்டான். இரவுப் பணி முடிந்து வரும் பெண்ணைப் பார்த்து "இந்த நேரத்தில் இவளுக்கு என்ன வேலை?" என்று கேட்பவன், அந்த ஓநாய்க்குத் தெரியாமலே வழிவிடுகிறான். தெருவிளக்கு எரிகிறதா, கடைசிப் பேருந்து வருகிறதா, பணியிடத்திலே பெண்ணின் புகாரைக் கேட்க ஆள் இருக்கிறதா என்று கேட்பவனே தோழன். கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலே இந்தக் கோரிக்கைகளையும் எழுதும் சங்கமே முழுச் சங்கம்.

ஏழாண்டு குறைவா? ஆண்டை எண்ணுபவர் எண்ணட்டும். எழுபது ஆண்டு வாழ்ந்தும் ஓர் அநீதியை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவர் எத்தனையோ பேர். இந்தப் பெண்கள் ஏழாண்டு முழங்கினர். இரு தோழியரைப் புதைத்தனர். புதைத்த கையோடு, மற்றப் பெண்கள் உயிரோடு வீடு சேர வழி செய்தனர். இடி நெடுநேரம் நிற்பதில்லை. ஆனால் அது முழங்கிய பிறகு பெய்த மழையிலே முளைத்த பயிர் நின்றது.

இன்றிரவும் உலகின் எத்தனையோ தெருக்களில் வேலை முடித்த பெண்கள் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் காதிலே விழும் காலடி ஓசை தோழனுடையதா, ஓநாயுடையதா? விடை ஆண்களிடம் இருக்கிறது, தோழர்களே!